பந்து எடுக்கப் புதருக்குள் ஓடும் பிள்ளைகள் பொருட்டு: சுவிஸ் தமிழ் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: சுவிற்சர்லாந்தில் இயங்கும் தமிழ்ப் பாடசாலைகள், ஆலய நிருவாக சபைகள், விளையாட்டுக் கழகங்கள், ஊர்ச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள்

மதிப்புக்குரிய நிருவாகிகளுக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

இந்த நாட்டில் வாழும் நம்மவர்களைச் சித்திரை முதல் புரட்டாதி வரை வீட்டுக்கு வெளியே ஒன்றுகூட்டுபவர்கள் நீங்களே. மெய்வல்லுநர் போட்டி, துடுப்பாட்டச் சுற்றுப்போட்டி, ஊர் ஒன்றுகூடல், காட்டோர இறைச்சி வாட்டல், தேர்த்திருவிழா என்று கோடையின் எல்லா வார இறுதிகளுக்கும் உங்களிடம் ஒரு நிகழ்ச்சி நிரல் இருக்கிறது. அந்த நிரலில் உண்ணி, நுளம்பு, மணல் ஈ ஆகிய மூன்றும் பரப்பும் நோய்கள் பற்றிய சில நிமிடங்களுக்கும் சில பழக்கங்களுக்கும் இடம் ஒதுக்க வேண்டும் என்று கேட்பதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன். நான் ஒரு வைத்தியசாலையில் தாதியாகப் பணிபுரிபவள். என் பிள்ளைகள் உங்கள் பாடசாலைகளில் ஒன்றில் தமிழ் படிக்கிறார்கள்.

இதை அரசிடம் கேட்காமல் உங்களிடம் ஏன் கேட்கிறேன் என்ற வினா எழலாம். அரசு தன் பங்கைப் பெரும்பாலும் செய்கிறது. கூட்டாட்சிப் பொதுச் சுகாதார அலுவலகமும் மாநிலச் சுகாதாரத் துறைகளும் ஆண்டுதோறும் இலையுதிர் காலம் வரை இதுபற்றிப் பேசுகின்றன. சுவிஸ் செஞ்சிலுவைச் சங்கத்தின் பொதுவான சுகாதார வழிகாட்டிக் கையேடு தமிழிலும் வந்திருக்கிறது. ஆனால் ஜேர்மன் மொழியிலோ பிரெஞ்சு மொழியிலோ ஓர் இணையப் பக்கத்தில் இருக்கும் எச்சரிக்கை, விளையாட்டுத் திடலின் ஓரத்தில் பாய் விரித்து அமர்ந்து பேரப்பிள்ளைக்குச் சோறூட்டும் அம்மம்மாவைச் சென்றடைவதில்லை. உங்கள் ஒலிபெருக்கி அவரைச் சென்றடைகிறது. வழியை மறித்து நிற்கும் வாகனத்தின் இலக்கத்தை அது நாள் முழுவதும் அறிவிக்கிறது. புல்லில் விளையாடிய பிள்ளைகளை வீட்டுக்குப் போனதும் உடம்பு முழுக்கப் பாருங்கள் என்று அது சொல்லி நான் கேட்டதில்லை.

நுளம்பைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. வளவில் கிடந்த சிரட்டையையும் பழைய ரயரையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் புரட்டிப் பார்த்ததையும், குடம்பி கண்டால் வழக்குப் போட 2007ஆம் ஆண்டிலேயே இலங்கையில் தனிச் சட்டம் வந்ததையும், 2017இல் அந்த ஒரே ஆண்டில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானதையும் நாம் அறிவோம். உண்ணிக்கு அப்படி ஒரு நினைவு நம்மிடம் இல்லை. ஊரில் அது மாட்டின் காதிலும் நாயின் கழுத்திலும் இருந்தது. பிடுங்கி நசுக்கினால் அலுவல் முடிந்தது. அந்த அலட்சியத்தை நாம் விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டோம் என்றே நினைக்கிறேன். இங்குள்ள உண்ணி வேறு இனம். அது சுமக்கும் கிருமிகளும் வேறு.

இந்த நாட்டில் மனிதரைக் கடிப்பது பெரும்பாலும் இக்சோடஸ் ரிசினஸ் என்னும் இனம். கடல்மட்டத்திலிருந்து 1,500 மீற்றர் உயரம் வரை அது தாராளமாக வாழ்கிறது. அதற்கு மேலும் காணப்படுகிறது. அதாவது நம்மவர் குடியிருக்கும் ஊர்கள் அனைத்தும் அதன் எல்லைக்குள்ளேயே இருக்கின்றன. மரத்திலிருந்து தலையில் விழும் என்று பலர் நம்புகிறார்கள், அது உண்மையல்ல. புல் நுனியிலும் செடிகளின் கிளைகளிலும், பெரும்பாலும் முழங்கால் உயரத்திலும் சிலவேளை இடுப்புக்குச் சற்று மேலும், முன்னங்கால்களை நீட்டியபடி அது காத்திருக்கும். உரசிச் செல்லும் உடலைப் பற்றிக்கொண்டு, மென்மையான தோலைத் தேடி மேலே ஊரும். நன்றாக வெட்டப்பட்ட திடலின் நடுவில் அதற்கு இடமில்லை; புல் வெயிலில் காய்ந்துவிடும். திடல் முடிந்து காடு தொடங்கும் அந்த ஈரமான, இலைச்சருகு நிறைந்த விளிம்பில்தான் அது இருக்கிறது. நாம் நிழல் தேடிப் பாய் விரிப்பதும், ஆறு ஓட்டத்துக்கு அடித்த பந்தை எடுக்கச் சிறுவர்கள் பாய்வதும் அதே விளிம்பில்தான். கடிக்கும்போது வலிப்பதில்லை. இளம்பருவ உண்ணி ஒன்றிரண்டு மில்லிமீற்றர்தான் இருக்கும், எள்ளளவுகூட வராது. கருமையான நம் தோலில், அதுவும் மச்சங்களுக்கு நடுவில், அதைத் தேடிப் பார்த்தால் மட்டுமே காணலாம்.

இந்த உண்ணி பரப்பும் நோய்களில் இரண்டு முக்கியமானவை. இரண்டும் ஒன்றுக்கொன்று மிக வேறுபட்டவை. இந்த வேறுபாடு நம் குடும்பங்களுக்குத் தெளிவாகத் தெரியாததே என் கவலைகளில் பெரியது.

முதலாவது, ஜேர்மன் மொழி பேசும் வைத்தியர்கள் எஃப்எஸ்எம்ஈ என்று சொல்லும் உண்ணி மூளைக்காய்ச்சல். இது ஒரு வைரசினால் வருவது. டெங்கு வைரசின் உறவுக் குடும்பத்தைச் சேர்ந்தது. உண்ணியின் எச்சிலிலேயே வைரசு இருப்பதால், கடித்த சில நிமிடங்களிலேயே அது உடலுக்குள் சென்றுவிடக்கூடும்; விரைவாகப் பிடுங்கினாலும் தப்பிவிட்டோம் என்று சொல்ல முடியாது. தொற்றியவர்களில் பலருக்கு எதுவும் தெரிவதில்லை. சிலருக்கு ஓரிரு வாரங்களில் தடிமல் காய்ச்சல் போல வந்து மாறும். பின்னர் சில நாட்கள் நலமாக இருந்து, அதன் பிறகு கடும் தலையிடி, கழுத்து விறைப்பு, ஒளியைப் பார்க்க முடியாமை, குழப்பம், நடை தள்ளாட்டம் என்று மூளையையும் அதன் உறைகளையும் தாக்கும் இரண்டாம் கட்டம் ஒரு பகுதியினருக்கு வருகிறது. இடையில் வரும் அந்த நலமான நாட்கள்தான் ஏமாற்றுபவை. முதலில் வந்த காய்ச்சலை யாரும் வைத்தியரிடம் சொல்வதில்லை. நரம்பு மண்டலம் தாக்கப்பட்டவர்களில் நூற்றில் ஒருவர் அளவில் இறக்கிறார்கள். மீண்டவர்களிலும் பலருக்குக் களைப்பும் கவனக்குறைவும் மாதக்கணக்கில் நீடிக்கும். வயது ஏற ஏறக் கடுமை கூடும். வைரசை அழிக்கும் மருந்து இல்லை. 2020இல் இந்த நாட்டில் பதிவான நோயாளர் தொகை 400ஐத் தாண்டியது.

இதற்குத் தடுப்பூசி இருக்கிறது, அது நன்றாக வேலை செய்கிறது. அப்போது ஜெனீவா, திச்சினோ ஆகிய இரு மாநிலங்களை மட்டும் நீக்கி, நாடு முழுவதையும் ஆபத்துப் பகுதியாக அரசு 2019இலேயே அறிவித்துவிட்டது. ஆகவே சூரிச்சிலும் பேர்ணிலும் லுசேர்னிலும் சென் காலனிலும் இருப்பவர்கள் இது யாரோ காட்டுக்குள் வேலை செய்பவர்களுக்கான ஊசி என்று நினைக்க இடமில்லை. மூன்று ஊசிகள், முதல் இரண்டும் ஏறத்தாழ ஒரு மாத இடைவெளியில், மூன்றாவது மருந்தின் வகையைப் பொறுத்து பல மாதங்கள் கழித்து. அதன் பின்னர் இந்த நாட்டின் பரிந்துரைப்படி 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை. பிள்ளைகளுக்குத் தனி அளவில் மருந்து உண்டு. எந்த வயதில் தொடங்குவது என்பதைக் குழந்தை வைத்தியர் சொல்வார். ஆபத்துப் பகுதியில் வாழ்பவர்களுக்கு அடிப்படை மருத்துவக் காப்புறுதி இதை ஏற்றுக்கொள்கிறது. உங்கள் கையிலிருந்து எவ்வளவு போகும் என்பதைக் காப்புறுதி நிறுவனத்திடம் ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டுவிடலாம். தோட்டப் பராமரிப்பு, காட்டு வேலை போன்றவற்றில் இருப்பவர்களுக்குச் செலவு தொழில் வழங்குநருடையது. குளிர்காலத்தில் தொடங்கினால் கோடைக்கு முன் இரண்டு ஊசிகள் முடிந்திருக்கும். கோடையில் தொடங்கினாலும் பயன் உண்டு. தாயகத்திலிருந்து வந்து பிள்ளைகளோடு தங்கியிருக்கும், காலையில் காட்டோரப் பாதையில் நடக்கப் போகும் வயதான பெற்றோரைப் பற்றி வைத்தியரிடம் கேட்கும் பழக்கம் நம்மிடம் மிகவும் குறைவு. அவர்களுக்குத்தான் இந்த நோய் கடுமையாக வரும்.

இரண்டாவது பொரெலியோசிஸ், அதாவது லைம் நோய். இது பக்ரீரியாவினால் வருவது. மேலே சொன்ன ஊசி இதைச் சிறிதும் தடுக்காது. "எங்கள் பிள்ளைக்கு உண்ணி ஊசி போட்டாயிற்று" என்று சொல்லி, மாலையில் உடம்பைப் பார்ப்பதை விட்டுவிடும் பெற்றோரை நான் அடிக்கடி சந்திக்கிறேன். உண்மையில் உண்ணிகளில் மூளைக்காய்ச்சல் வைரசைச் சுமப்பவை ஆபத்துப் பகுதிகளிலும் நூற்றில் ஒன்று என்ற அளவில்தான் இருக்கும். பொரெலியா பக்ரீரியாவைச் சுமப்பவை இடத்துக்கு இடம் நூற்றில் 5 முதல் 30 வரையும், சில இடங்களில் அதற்கு மேலும். ஆண்டுக்கு ஏறத்தாழ 10,000 பேர் இந்நோய்க்கு ஆளாவதாக அரசு நெடுங்காலமாகக் கணித்து வந்திருக்கிறது. இது கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய் அல்ல; குறிப்பிட்ட சில வைத்தியர்கள் தரும் தகவலிலிருந்து எடுக்கப்படும் கணிப்பே இந்த எண். ஒரு சுவையான செய்தி: இந்தப் பக்ரீரியாவை உண்ணிக்குள் கண்டுபிடித்த வில்லி பர்க்டோர்ஃபர் 1925இல் பாசலில் பிறந்தவர், அந்நகரின் வெப்பமண்டல நிறுவனத்தில் பயின்று அமெரிக்கா சென்று, நியூயோர்க் பக்கத்து உண்ணிகளில் அதைக் கண்டார். 1982இல் அந்த ஆய்வு வெளியானது; பக்ரீரியாவுக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது.

இந்த நோயில் காலம் நமக்குச் சாதகமாக இருக்கிறது. பக்ரீரியா உண்ணியின் குடலில் இருப்பதால், அது எச்சில் வழியாக வெளியேறப் பொதுவாக ஒரு நாள் அளவு ஆகும். அன்று மாலையே கண்டுபிடித்துப் பிடுங்கினால் தொற்று பெரும்பாலும் தடுக்கப்படும். ஆகவே மூளைக்காய்ச்சலுக்கு ஊசி, லைம் நோய்க்கு மாலைத் தேடல்; ஒன்று மற்றதற்கு மாற்றாகாது. முழங்கால் மடிப்பு, தொடை இடுக்கு, தொப்புள், கக்கம், காதின் பின்புறம் ஆகியவற்றோடு சிறுபிள்ளைகளுக்குத் தலையையும் பார்க்க வேண்டும். பேன் பார்க்கத் தெரிந்த நமக்கு இது கடினமான வேலை அல்ல. இரட்டைப் பின்னலை அவிழ்த்து, பிரித்துப் பிரித்துப் பார்க்கும் பொறுமைதான் தேவை.

பிடுங்குவதில் நம் வீட்டு வைத்தியங்கள் கெடுதல் செய்கின்றன. தேங்காய் எண்ணெய் பூசுவது, மண்ணெண்ணெய் வைப்பது, அணைத்த தீக்குச்சியால் சுடுவது எல்லாம் உண்ணியை வருத்தி, அது தன் எச்சிலையும் குடலிலுள்ளதையும் காயத்துக்குள் விடச் செய்யக்கூடும். மருந்தகத்தில் கிடைக்கும் கூர்முனைச் சாவணத்தால், தோலோடு ஒட்டிய இடத்தில் பிடித்து, நசுக்காமல் நேராக மெதுவாக இழுத்தால் போதும். வாயுறுப்பின் துணுக்கு ஒன்று தோலில் தங்கிவிட்டாலும் பதற வேண்டாம். முள் போல அது தானே வெளியேறும். கிருமிநீக்கி தடவி, எந்த நாளில் எந்த இடத்தில் கடித்தது என்று நாட்காட்டியில் குறித்து வையுங்கள். கடித்தவுடன் இரத்தப் பரிசோதனை கேட்டு ஓடுவதால் பயனில்லை; எதிர்ப்புடல்கள் தோன்றச் சில வாரங்கள் ஆகும், நோயே வராத பலரின் இரத்தத்திலும் அவை காணப்படும்.

இனி நான் உங்களிடம் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது. கடித்த 3 முதல் 30 நாட்களுக்குள், கடித்த இடத்தைச் சுற்றி மெல்ல மெல்லப் பரவும் செவ்வட்டமே லைம் நோயின் முதல் அடையாளம். பெரும்பாலும் 5 சென்ரிமீற்றருக்கு மேல் விரிந்து, சிலவேளை நடுவில் வெளிறி வளையமாகத் தோன்றும். இதைக் கண்டாலே வைத்தியர், இரத்தப் பரிசோதனை இல்லாமலேயே, அன்ரிபயோட்டிக் மருந்து தொடங்குவார். அந்தக் கட்டத்தில் நோய் முற்றாக மாறும். ஆனால் துண்டுப் பிரசுரங்களிலும் மருந்தகச் சுவரொட்டிகளிலும் இந்த வட்டம் வழக்கமாக வெள்ளைத் தோலில், தக்காளிச் சிவப்பில் காட்டப்படுகிறது. நம் தோலில் அது அப்படி வராது. அடிபட்டுக் கன்றியது போல ஊதா கலந்த கருமையாகவோ, சுற்றுத் தோலை விடச் சற்று அடர்ந்த மண்ணிறமாகவோ, சில வேளைகளில் பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போது மட்டும் தெரியும் விளிம்பாகவோ இருக்கும். தொட்டால் இலேசான சூடு இருக்கலாம். வலி, அரிப்பு பெரும்பாலும் இராது. அமெரிக்காவில் கருநிறத் தோலுடையவர்களிடம் செய்யப்பட்ட ஆய்வுகள், அவர்களிடம் இந்தத் தோல் அடையாளம் குறைவாகவே கண்டறியப்படுவதையும், மூட்டோ நரம்போ பாதிக்கப்பட்ட பிறகே நோய் இனங்காணப்படுவது வெள்ளையரை விட அதிகமாக இருப்பதையும் காட்டியுள்ளன. இந்நாட்டு வைத்தியர்களும் வெள்ளைத் தோலில் பார்த்துப் பழகிய கண்களோடுதான் நம்மைப் பார்க்கிறார்கள். இதில் குற்றம் சாட்ட எதுவுமில்லை; ஆனால் கண் முன்னே இருப்பதை அவர்களுக்கு நாம்தான் காட்ட வேண்டும்.

அதற்கு எளிய வழி உண்டு. கடித்த இடத்தில் நிறம் மாறியிருப்பதாகத் தோன்றினால், அதன் விளிம்பைப் பேனாவால் சுற்றி வரைந்து, பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். இரண்டு நாள் கழித்து நிறமாற்றம் கோட்டைத் தாண்டியிருந்தால் அந்த இரண்டு படங்களோடும் வைத்தியரிடம் செல்லுங்கள். "சிவந்திருக்கிறது" என்று சொல்லிப் பயனில்லாதபோது "பரவியிருக்கிறது" என்று காட்டலாம். தமிழ்ப் பாடசாலைகள் கருமையான, மாநிறமான தோலில் இந்த அடையாளம் எப்படி இருக்கும் என்ற படங்களோடு ஒரே ஒரு பக்கத்தில் தமிழ்ப் பிரசுரம் அச்சிட்டு, கல்வியாண்டின் தொடக்கத்தில் பாடநூலோடு சேர்த்துக் கொடுக்கலாம். படங்களுக்கு உரிமை பெற வேண்டியிருக்கும். பல்கலைக்கழக வைத்தியசாலைகளின் தோல்நோய்ப் பிரிவுகளுக்கு ஒரு சங்கத்தின் பெயரில் கடிதம் எழுதிக் கேளுங்கள். தனியாள் கேட்பதை விட அதற்கு மதிப்பு அதிகம்.

இன்னோர் அடையாளத்தையும் சொல்ல வேண்டும். கோடையிலோ இலையுதிர் காலத்திலோ ஒரு பிள்ளையின் முகத்தின் ஒரு பக்கம் திடீரென்று தொய்ந்து, கண் முழுமையாக மூடாமல் போனால், பக்ரீரியா நரம்பைத் தாக்கியிருக்கக்கூடும். குளிர் காற்றுப் பட்டது என்றோ வாதம் என்றோ எண்ணி எண்ணெய் தடவிக் காத்திருக்காமல் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மருந்து கொடுத்தால் பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகத் தேறுகிறார்கள். பெரியவர்களில் யாருக்காவது இப்படி நேர்ந்தால் அது பக்கவாதமாகவும் இருக்கலாம். உடனே 144ஐ அழைக்க வேண்டும்.

அச்சத்தைக் கிளப்புவது என் நோக்கமன்று. ஜேர்மனியின் ரொபேர்ட் கொக் நிறுவனம் தரும் கணிப்பின்படி, உண்ணி கடித்த நூறு பேரில் லைம் நோயின் அறிகுறி காண்பவர் ஒருவர் அளவே. நாள்பட்ட எந்தக் களைப்பையும் எந்த மூட்டுவலியையும் உண்ணியின் தலையில் கட்டி, பெரும் பணம் வாங்கிப் பரிசோதனை செய்யும் தனியார் இடங்களின் விளம்பரங்கள் வட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகின்றன. உங்கள் அமைப்பின் பெயர் தாங்கிய குழுக்களில் அவற்றை அனுமதிக்காதீர்கள்.

நுளம்புக்கு வருகிறேன். நாம் ஊரில் கண்ட புலி நுளம்பு, கறுப்பு உடலில் வெள்ளை வரிகளோடு பகலில் கடிக்கும் அதே ஈடிஸ் அல்போபிக்ரஸ், 2003இல் திச்சினோவில் கண்டறியப்பட்டு அங்கே நிலைகொண்டது. ஜெனீவா, பாசல், சூரிச் பக்கங்களிலும் பின்னர் காணப்பட்டது. அதன் முட்டைகள் இங்குள்ள குளிரையும் தாங்கும். நுளம்பு மட்டும் இருந்தால் நோய் பரவாது. வைரசை யாராவது கொண்டு வர வேண்டும். கொண்டு வரக்கூடியவர்களில், ஆடி ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கும் கலியாண வீடுகளுக்கும் போய், பாடசாலை தொடங்க முன் திரும்பி வரும் நாமும் இருக்கிறோம். இதைச் சொல்லத் தயங்கக் கூடாது என்று நினைக்கிறேன். 2007இல் இத்தாலியின் ராவென்னா மாவட்டத்தில் கஸ்திலியோனே தி சேர்வியா என்ற சிற்றூரில் சிக்கன்குன்யா பரவி 200க்கு மேற்பட்டோர் நோயுற்றபோது, அது கேரளத்திலிருந்து உறவினரைப் பார்க்க வந்த ஒருவரில் தொடங்கியது என்று கண்டறிந்தார்கள். 2025இல் பிரான்சில், நாட்டுக்குள்ளேயே தொற்றிய சிக்கன்குன்யா நோயாளர் 700க்கு மேல். பாசலின் அண்டைப் பகுதியான அல்சாசிலும் அது பரவியது. இலங்கையிலும் 2024இன் இறுதியிலிருந்து சிக்கன்குன்யா மீண்டும் தலைதூக்கியது.

மார்கழியில் போய்த் தைப்பொங்கல் முடிந்து வருபவர் காய்ச்சலோடு வந்தாலும் இங்கு அவரைக் கடிக்க நுளம்பு இராது. கோடையில் வருபவரின் நிலை வேறு. திரும்பிய பிறகு மூன்று வாரங்களுக்குப் பகலிலும் நுளம்பு விரட்டி பூசிக்கொள்வது, காய்ச்சல் வந்தால் நுளம்பு கடிக்காத அறையில் இருப்பது, வைத்தியரிடம் முதல் வார்த்தையாக எந்த நாட்டிலிருந்து எப்போது வந்தோம் என்று சொல்வது ஆகியவை அவர் தன் அயலவருக்குச் செய்ய வேண்டியவை. டெங்கு இல்லை என்று உறுதியாகும் வரை அஸ்பிரினும் இபுபுரோஃபெனும் வேண்டாம், இரத்தப்போக்கைக் கூட்டும். பரசிற்றமோல் மட்டும், வைத்தியர் சொல்லும் அளவில். ஆலயங்களின் ஆவணி மாத அறிவிப்புகளில், அர்ச்சனை விபரங்களுக்குப் பக்கத்தில், இந்த நான்கு வரிகள் இடம்பெற வேண்டும்.

தோட்டக்காணி எடுத்து மிளகாயும் கீரையும் வெண்டியும் பயிரிடும் நம்மவர்களுக்கும் ஒரு சொல். மழைநீர் பிடிக்கும் அந்த நீலப் பீப்பா புலி நுளம்புக்கு அரண்மனை. நெருக்கமான வலையால் இடைவெளியின்றி மூடுங்கள். பூச்சாடித் தட்டு, வாளி, தண்ணீர் தேங்கும் விரிப்பு எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை கவிழ்த்துவிடுங்கள். இந்த நுளம்பு தூரம் பறப்பதில்லை. பிறந்த இடத்தின் அயலிலேயே சுற்றும். ஆகவே உங்களைக் கடிப்பது பெரும்பாலும் உங்களுடையதோ பக்கத்துக் காணியினுடையதோதான். சந்தேகமான நுளம்பைப் படம் எடுத்து அனுப்ப, சுவிஸ் நுளம்பு வலையமைப்பின் இணையவழி அறிவிப்பு முறை உண்டு. பிள்ளைகளுக்கு இது நல்ல வேலை.

மணல் ஈ பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். இரண்டு மூன்று மில்லிமீற்றர் அளவில், சத்தமின்றி, மாலையிலும் இரவிலும் கடிக்கும் அது தண்ணீரில் பெருகுவதில்லை. வழக்கமான நுளம்பு வலையின் கண்களுக்குள் நுழைந்துவிடும். இந்நாட்டில் திச்சினோவில் அது வாழ்கிறது என்றாலும், நமக்கு அக்கறைக்குரியது கோடை விடுமுறைக்கு நாம் செல்லும் தென் இத்தாலி, தென் பிரான்ஸ், ஸ்பெயின் கரைகள்தான். அங்கு அது பரப்பும் லீஷ்மேனியா என்னும் ஒட்டுண்ணி நாய்களில் பரவலாகவும், சிறு குழந்தைகளிலும் நோயெதிர்ப்பு குறைந்தவர்களிலும் சிலவேளை கடுமையாகவும் வரும். மட்ரிட் அருகே ஃபுவென்லப்ரடாவில் 2009இல் தொடங்கிய பரவலில் 400க்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். அங்கே முயல்களே ஒட்டுண்ணியின் சேமிப்பிடமாக இருந்தன. விடுமுறைக்குப் பல மாதங்கள் கழித்தும், விடாத காய்ச்சலும் வெளிறலும் வயிற்றில் மண்ணீரல் வீக்கமும் ஒரு குழந்தைக்கு வந்தால், சென்று வந்த இடத்தை வைத்தியரிடம் சொல்லுங்கள். இலங்கையில் இதே நோய் பெரும்பாலும் தோலில், வலியற்ற ஆறாப் புண்ணாக வருகிறது. தெற்கு நாடுகளிலிருந்து நாயைத் தத்தெடுக்க விரும்பும் குடும்பங்கள் முதலில் விலங்கு வைத்தியரிடம் இதற்கான பரிசோதனையைக் கேட்க வேண்டும்.

இப்போது என் கோரிக்கைகள். ஒவ்வொரு வெளிக்கள நிகழ்ச்சியின் அழைப்பிதழிலும் நீண்ட காற்சட்டை, காலுறை, நுளம்பும் உண்ணியும் விரட்டும் பூச்சு என்ற வரியைச் சேருங்கள். முதலுதவிப் பெட்டியில் இரண்டு சாவணங்கள் வையுங்கள். திடலைப் பதிவு செய்யும்போது காட்டு விளிம்பிலிருந்து தள்ளிய பக்கத்தைக் கேளுங்கள். கூடாரத்தை அங்கே அடியுங்கள். பந்து புதருக்குள் போனால் காற்சட்டையைக் காலுறைக்குள் விட்ட பெரியவர் ஒருவர் போய் எடுக்கட்டும். இதைப் போட்டி விதியாகவே வைக்கலாம், நடுவர்கள் சிரித்தாலும் பரவாயில்லை. நிகழ்ச்சி முடியும்போது, பரிசளிப்புக்கும் நன்றியுரைக்கும் நடுவில், மாலைத் தேடலை நினைவூட்டும் ஓர் அறிவிப்பு. குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை, தமிழ் பேசும் வைத்தியர் ஒருவரை அழைத்துத் தடுப்பூசி பற்றிப் பெற்றோர் கேள்வி கேட்கும் கூட்டம். இளைய தலைமுறையில் வைத்தியர்களும் தாதியரும் மருந்தாளர்களும் நம்மிடம் போதிய அளவில் இருக்கிறார்கள். பொன்னாடை போர்த்த அழைக்கும் அவர்களை இதற்கும் அழைக்கலாம்.

மொழியும் கலையும் கற்பிப்பதே எங்கள் பணி, மருத்துவம் அல்ல என்று சிலர் சொல்லக்கூடும். ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் பிள்ளைகளைத் திடலுக்கு அழைத்துப் போவதும் உங்கள் பணியாக இருக்கிறது. சுவிஸ் பாலர் பாடசாலைகள் காட்டு நாளுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகும்போது பெற்றோருக்கு உண்ணி பற்றிக் குறிப்பு அனுப்புவது இங்கு வழக்கம். இப்படிப் பேசினால் பெற்றோர் பயந்து பிள்ளைகளை அனுப்ப மாட்டார்கள் என்பது மற்றோர் அச்சம். வெயிலையும் புல்லையும் விட்டுத் தொலைபேசித் திரையோடு பிள்ளைகள் அடைந்து கிடப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். தேவையானது அரை மணி நேர முன்னேற்பாடும் மாலையில் பத்து நிமிடத் தேடலுமே.

பிரசுரத்துக்கான தமிழ் உரையை எழுதித் தரவும், அதை வைத்தியர் ஒருவர் சரிபார்க்க ஒழுங்கு செய்யவும் நானும் என்னோடு பணிபுரியும் சில தமிழ்த் தாதியரும் ஆயத்தமாக இருக்கிறோம். அச்சுச் செலவை எந்த அமைப்பு ஏற்கும், எந்த மாநிலத்தில் முதலில் தொடங்குவது, படங்களுக்கான கடிதத்தில் யார் கையொப்பமிடுவது என்பவற்றை உங்கள் அடுத்த நிருவாகக் கூட்டத்தின் நிரலில் சேர்த்து, முடிவை உறுப்பினர்களுக்கு அறிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். குளிர்காலம் தொடங்க முன்னர் முடிவு எடுத்தால், அடுத்த கோடைக்கு முன் முதல் இரண்டு ஊசிகளைப் போட்டு முடிக்கப் பெற்றோருக்கு அவகாசம் இருக்கும்.

இங்ஙனம்,
உங்கள் பாடசாலைகளில் ஒன்றில் பயிலும் பிள்ளைகளின் தாய், தாதி,
பேர்ண் மாநிலம்